விழுந்த பென்சிலும் இரவல் காலும்

போன செவ்வாய்க்கிழமை காலை, என் மேசையிலிருந்து பென்சில் உருண்டு கீழே விழுந்தது. எதிரில் நின்ற சன்னாசி அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குனியவில்லை. இரண்டே வாக்கியம் சொன்னார்.

அதைக் கேட்க நான் ஒரு வருஷம் காத்திருந்தேன் என்றால் நம்புவீர்களா? என்ன சொன்னார் என்பது கடைசியில் வரும். அதற்கு முன் என் பென்சிலின் கதையைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் வெட்கக்கேடான கதைதான்...

வாரம் தவறாமல் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் – வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிறவன் நான். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. குப்பி கழுவி, பழைய புத்தகங்களைப் புரட்டி, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். தோட்டத்தில் 'டாக்டர் ஐயா' என்பார்கள். நானும் மறுப்பதில்லை.

இருமலுக்கு அடுத்தபடி என்னிடம் அதிகம் வருவது இடுப்பு வலி. வராமல் என்ன செய்யும்? கூடை சுமக்கிற பெண்கள், உரமூட்டை தூக்குகிறவர்கள், நாள் முழுக்கக் குனிந்து தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆண்கள்...

காய்ச்சல் என்றால் கண்ணாடிக் குழாய் சொல்லிவிடும். புண் கண்ணுக்குத் தெரியும். இடுப்பு வலியை எதை வைத்து அளப்பது? வந்தவர் வாயைத்தான் நம்ப வேண்டும். ஆனால் அவர் மலைக்குப் போவதா, வீட்டில் இருப்பதா என்பதை நான் எழுதிக் கொடுக்கிற சின்னத் துண்டுதான் முடிவு செய்யும். கவ்வாத்து சமயத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒன்றாக எப்படி இடுப்பு பிடிக்கிறது என்று, மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயா கேட்பார். துரை பங்களாவிலிருந்தும் அதே கேள்வி வரும்.

எனக்கு முன்னால் இருந்தவர் போகும்போது ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். இடுப்பு வலி என்று வருகிறவனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பென்சிலைக் கீழே தட்டிவிட வேண்டும். சட்டென்று குனிந்து எடுத்தால் நடிப்பு. துண்டு கிடையாது. எவ்வளவு சுலபம்... வருஷக்கணக்காகச் செய்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எனக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. மக்கள் வலியைச் சொல்கிற விதத்தைக் கொப்பியில் எழுதி வைப்பேன். "இடுப்புக்குள்ள கொல்லன் பட்டறை வச்சிருக்கான்" என்றார் ஒருவர். "எனக்கு முன்னாடியே என் முதுகுக்கு வயசாயிப் போச்சுங்க" என்றார் ஓர் அம்மா. எந்த மருத்துவப் புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறது?

சன்னாசி வந்தது போன வருஷம், கவ்வாத்து நடந்த சமயம். நாற்பது வயதிருக்கும். தோட்டத்திலேயே சுத்தமான வெட்டு அவருடையது. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. உட்காரச் சொன்னாலும் என் முன்னால் உட்கார மாட்டார். அன்றும் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடுப்பில் தொடங்கிய வலி பின்தொடை வழியாகப் பாதம் வரைக்கும் இறங்குகிறது என்றார். பிறகு சொன்னார்:

"வலது காலு என்னோடது மாதிரியே இல்லீங்க ஐயா. யாருகிட்டயோ இரவல் வாங்குன மாதிரி இருக்கு."

இரவல் கால்! உடனே கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டேன். எழுதி முடித்த கையோடு பென்சிலைத் தட்டிவிட்டேன்.

சன்னாசி குனிந்தார். எடுத்தார். இரண்டு கையாலும் நீட்டினார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. ஒரு குப்பித் தைலம் ஊற்றிக் கொடுத்து, வேலைக்குப் போகலாம் என்று எழுதிவிட்டேன். கும்பிட்டுவிட்டுப் போனார். மலைக்கும் போனார்.

மூன்றாம் நாள் காலை அவர் மனைவி மாரியாயி வந்தார். வரிசையில் நிற்கவில்லை, நேரே மேசைக்கு வந்துவிட்டார். முந்தின நாள் சாயந்திரம் சன்னாசி வலது பாதம் தரையில் தேயத் தேய வீடு வந்தாராம். இப்போது எழுந்து நிற்க முடியவில்லை. ராத்திரியிலிருந்து ஒண்ணுக்கும் போகவில்லை. அப்போதும் நான் விட்டேனா? அன்றைக்குக் குனிந்து பென்சில் எடுத்துக் கொடுத்தாரே என்றேன்.

மாரியாயி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்க பென்சில கீழ போட்டா, அந்த மனுசன் பாடையில கெடந்தாலும் எந்திரிச்சு எடுத்துக் குடுப்பாருங்க. ஐயாவக் குனிய விடுவாரா? அன்னிக்கு வீட்டுக்கு வந்து, வாசப்படியத் தாண்ட முடியாம அப்படியே குப்புறக் கெடந்தாரு. அது ஒங்களுக்குத் தெரியுமா?"

யோசித்துப் பாருங்கள். நடிக்க வந்தவன் என்ன செய்வான்? குனியவே மாட்டான், அவனுக்குத்தான் விஷயம் தெரியுமே. வலியோடு வந்த மரியாதைக்காரர்தான் குனிவார். அப்படியானால் இத்தனை வருஷமாக என் பென்சில் யாரைப் பிடித்திருக்கிறது? எத்தனை பேரை? நினைக்கவே பயமாக இருக்கிறது.

பையைத் தூக்கிக்கொண்டு, அவர்கள் குடியிருக்கிற லயத்துக்கு ஓடினேன். சன்னாசி வெறுந்தரையில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார். இடுப்பு வலிக்காரரைக் கெட்டியான பலகையில் படுக்கவை என்கிறது புத்தகம் – லயத்தில் மெத்தையா போட்டிருக்கிறது? என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். தோளைப் பிடித்து அமர்த்தினேன்.

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தேன். வலது காலை மடக்காமல் மெல்லத் தூக்கினேன். ஒரு சாண் உயர்வதற்குள் பல்லைக் கடித்தார். கால் பெருவிரல்களை நிமிர்த்தச் சொன்னேன். இடது நிமிர்ந்தது, வலது அப்படியே கிடந்தது. பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கொண்டே வந்தேன். உட்காருகிற இடத்தில் தொட்டது அவருக்குத் தெரியவேயில்லை. அடிவயிறு பானை மாதிரி உப்பியிருந்தது.

இரவல் கால்... சன்னாசி அழகுக்காகவா சொன்னார்? கால் மரத்துப்போகிறது என்று எனக்கு விவரம் சொல்லியிருக்கிறார். நான் ரசித்தேன். கேட்கவில்லை.

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற வட்டு பிதுங்கி நரம்பை நெரித்தால் இப்படி ஆகும். எப்போதாவது ஒருவருக்குத்தான் வரும். வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்கிற பேச்சே கூடாது. காலும் போகும், சிறுநீர்க் கட்டுப்பாடும் போகும். ரப்பர் குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்துவிட்டு, கொழுந்து ஏற்ற நின்ற லொறியைக் கேட்டேன். அப்படியானால் கொழுந்து என்னாவது என்றார் கண்டாக்கு ஐயா. கொழுந்து மறுபடி முளைக்கும் என்றேன். ஒரு கதவைக் கழற்றி, அதில் சன்னாசியைப் படுக்கவைத்து ஏற்றினோம். மாரியாயி தலைமாட்டில் உட்கார்ந்தார்.

பெரியாஸ்பத்திரியில் முதுகைத் திறந்து நரம்பை விடுவித்தார்கள். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் என்று தொடங்கிய டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சிறுநீர் சரியாயிற்று. கால் முக்கால்வாசி திரும்பி வந்தது. ஏற்றத்தில் இன்றும் வலது பாதம் லேசாக இழுக்கும். இனிக் கவ்வாத்துக் கத்தியைத் தொடக் கூடாது என்று நானே எழுதிக் கொடுத்தேன். இப்போது நாற்று மேடையில் வேலை. தோட்டத்தின் சுத்தமான வெட்டு போயே போயிற்று. என்னால் போனது.

இப்போது எப்படிப் பார்க்கிறேன் தெரியுமா? முதலில் உட்காரச் சொல்கிறேன். மாட்டேன் என்றால் நானும் எழுந்து நிற்கிறேன். வீட்டில் எந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்று கேட்கிறேன் – விறகு பிளப்பதையா, பிள்ளையைத் தூக்குவதையா? காலில் மரமரப்பு உண்டா, ஒண்ணுக்குப் போவதில் தடங்கல் உண்டா என்று கூச்சத்தை விட்டுக் கேட்கிறேன். பெண்களிடம் மருத்துவிச்சி அம்மா கேட்பார். பெரும்பாலானவர்களுக்குச் சூடான மணல் ஒத்தடமும் சில நாள் லேசு வேலையும் போதும். யாரோ ஒருவர் நடித்தே துண்டு வாங்கிப் போகட்டுமே... தேயிலை வாடிவிடுமா?

சன்னாசியை மட்டும் மாற்ற முடியவில்லை. மாதம் ஒரு தடவை காலைக் காட்ட வருவார். வலித்தால் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பேன். "ஆகட்டுங்க ஐயா" என்பார். சொல்ல மாட்டார்.

போன செவ்வாய்க்கிழமை பென்சில் தானாகத்தான் விழுந்தது – சத்தியமாக. சன்னாசியின் கை பழக்கத்தில் பாதி இறங்கி, அப்படியே நின்றது. வாசலில் நின்ற மாரியாயியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"நீங்களே எடுத்துக்கங்க ஐயா. எனக்கு இடுப்பு வலிக்குது."

குனிந்து எடுத்தேன். நிமிரும்போது என் இடுப்பும் மடக்கென்றது... அதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.