ஊரே கப்பலேற்றிய பாட்டன்

இன்று சுவிஸின் பேர்ண் நகர ஆவணக் காப்பகத்தில் என் மேசைக்கு ஓர் அமெரிக்கக் குடும்பம் வந்தது. ஆறு பேரும் குடும்பப் பெயர் அச்சிட்ட ஒரே மாதிரி டீசேர்ட் போட்டிருந்தார்கள்.

காலனிக் காலத்தில் பென்சில்வேனியாவில் நிலம் வாங்கிய தங்கள் பூர்வீகப் பாட்டனின் பத்திரத்தைக் காட்டி, இங்குள்ள தேவாலயப் பதிவேட்டில் அவரைத் தேட வேண்டும் என்றார்கள்.

மூத்தவர் என் முகத்தைப் பார்த்தார். "உண்மையான சுவிஸ்காரர் யாரும் இல்லையா?"

பாட்டன் கிடைத்தார். எல்லோருக்கும் கேட்க வாசித்தேன்: "திருடன். இனித் திரும்பி வரக்கூடாதென்று ஊரே சேர்ந்து கப்பலேற்றியது."

"இவர் வழியாக எங்களுக்குக் குடியுரிமை கிடைக்குமா?" மூத்தவரின் குரல் இறங்கியிருந்தது.

"அந்தத் தடையை இன்னும் யாரும் நீக்கவில்லை" என்றேன்.

வீட்டில் இதைக் கேட்ட மனைவி, "பாவமப்பா, கொஞ்சம் மெல்லமாச் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"ஓம். ஆனா இந்த ஊர் துரத்தினது அவையின்ரை ஆளை, வைச்சிருக்கிறது அகதியா வந்த எங்களை. பிழையோ?"

அவள் தேநீர் ஊற்றப் போய்விட்டாள். நீங்கள் சொல்லுங்கள்.