இஸ்திரிப்பெட்டி நின்ற இடம்

கரும்புத் தீவின் மேட்டு நகரமான கியூர்பிப்பில் மழை ஓய்வதே அரிது. துணி வெயிலில் காய்வது அதைவிட அரிது. அதனால் அந்த ஊர்ச் சலவைக்கடைகளில் பாதி ஈரத்தைக் கரி இஸ்திரிப்பெட்டிதான் உறிஞ்ச வேண்டும். பெரிய பங்களாக்களின் படுக்கை விரிப்பும் மேசை விரிப்பும் துரைசாணிகளின் உள்பாவாடையும் காமாட்சியின் கையால்தான் மடிப்புக் கலையாமல் போய்ச் சேரும். துணி முன்னறைக்குப் போகும். கொண்டுபோனவள் பின்வாசலோடு திரும்ப வேண்டும்.

காமாட்சிக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. கணவன் கரும்பு ஆலையில் விபத்தில் இறந்தபின் அண்ணன் ராமசந்திரன் வீட்டில் இருந்தாள். அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு விதவைக்கு அந்த வீடு அனுமதித்தது சமையல், கோயில், சலவைக்கடை. சலவைக்கடையில்தான் அவள் வாழ்ந்தாள். அங்கேதான் ஜான்-க்ளோடின் சட்டைகள் வந்தன.

ஜான்-க்ளோட் பஸ் டிரைவர். தனிக்கட்டை. அவன் அந்தப் பெரிய ஸ்டியரிங்கை வளைத்துத் திருப்பும்போது சட்டைக்கை புஜத்தில் இறுகுவதை ஒருநாள் முன் இருக்கையிலிருந்து பார்த்துவிட்டாள். அன்றோடு அவள் பகல்கள் கெட்டன, அல்லது விடிந்தன. பொத்தானைக் கழற்றினால்தான் சட்டையை இஸ்திரி போட முடியும்; அது தொழில். ஆனால் காமாட்சி கழற்றிய வேகத்தில் எந்தத் தொழிலும் நடக்காது. ஒவ்வொரு பொத்தானுக்கும் மனதுக்குள் அவனோடு ஒரு பேச்சு. கடைசிப் பொத்தானுக்குப் பிறகு பேச்சே கிடையாது.

“மோ சேர், தங்கச்சி, பெட்டியில கரி அணைஞ்சு போச்சு. நீதான் எரியறே,” என்பாள் பக்கத்து மேசை பியெரெட்.

“துணி ஈரமா இருக்கு, அதான்.”

“துணியா? அயோ மாமா, அம்மாடியோ!”

எல்லாம் பிரெஞ்சு கலந்த தீவு மொழியான கிரியோல் பேச்சுதான். காமாட்சியின் தமிழ் அம்மன் பாட்டோடு சரி.

அந்த வருடம் தீமிதி வந்தது. முந்தின வருடம் அவள் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் தீ மிதிப்பாள் என்று ராமசந்திரன் வேண்டிக்கொண்டிருந்தான். வேண்டியவன் அவன், மிதிக்க வேண்டியவள் இவள். பிழைக்க வைத்தது ஆஸ்பத்திரி ஊசி. ஊசி போட்ட நர்சுக்கு ஒரு வாழைப்பழம்கூடப் போகவில்லை.

காப்புக் கட்டிய அன்று கோயில் செயலாளர் வீரசாமி பேசினார். “பத்து நாளும் மீன், கறி விட்டா மட்டும் போதாது. மனசு சுத்தமா இருக்கணும். பெண்களுக்குத்தான் முக்கியமாச் சொல்றேன். கெட்ட நினைப்பு இருந்தா அம்மன் கால்லயே காட்டிக் கொடுத்துடுவா.”

இந்த வீரசாமிதான் மாலையானால் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, போகிற பெண்களின் இடுப்பைத் தரம் பிரிப்பவர். ஆண் நினைத்தால் பொழுதுபோக்கு, பெண் நினைத்தால் கொப்புளம்! இந்தச் சட்டத்தை எழுதியது அம்மனாக இருக்க முடியாது. எழுதியவன் மீசை வைத்திருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் தன் பங்கைச் சேர்த்தான். “கால்ல ஒரு கொப்புளம் வந்துச்சோ, சலவைக்கடைக்கு முழுக்கு. ஊர் என்னைக் கேக்கும்.”

ஊர் என்ன கேட்கும் என்று அவளுக்கும் தெரியும். கால் வெந்தால் மருந்து எங்கே என்று கேட்காது. ஆள் யார் என்று கேட்கும்.

ஆகவே காமாட்சி மனதைச் சுத்தம் செய்யத் தொடங்கினாள். ஜான்-க்ளோடின் துணிக்கட்டைப் பியெரெட்டின் மேசைக்குத் தள்ளினாள். பியெரெட் அவன் சட்டையை முரட்டுத்தனமாகத் தேய்ப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். சட்டையே வேண்டாமென்று படுக்கை விரிப்புக்கு மாறினாள். அது இன்னும் மோசம். அம்மன் பாட்டை முணுமுணுத்தாள். பாட்டின் தாளத்துக்கு ஸ்டியரிங் திரும்பியது. நினைக்கக் கூடாது என்று நினைத்ததில், முன்பு மதியத்தில் மட்டும் வந்தவன் இப்போது காலையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டான்.

விரதத்தின் கடைசி நாள், கருகல் வாடை அடித்த பிறகுதான் விழித்தாள். ஜான்-க்ளோடின் வெள்ளைச் சட்டை முதுகில் பழுப்பாக ஒரு முழு இஸ்திரிப்பெட்டி. கருகிய இடத்தை உள்ளே மறைத்து மடித்து, துணிக்கட்டுக்குள் வைத்து அனுப்பிவிட்டாள். சட்டை காட்டிக் கொடுத்துவிட்டது. நாளை கால் காட்டிக் கொடுக்கும்.

மறுநாள் தீக்குழி முன் மஞ்சள் புடவையில் நின்றாள். அம்மன் முகத்தை நினைத்துக்கொண்டு காலை எடுத்து வைத்தாள். அனல் முகத்தில் அடித்தது. இஸ்திரி மேசையில் தினம் முகத்தில் அடிக்கும் அதே அனல். பழக்கம் யாரைக் கேட்டு வருகிறது? அவன் சட்டை நினைப்பில் வந்துவிட்டது. இரண்டாவது பொத்தானைக் கழற்றுவதற்குள் கால் தீக்குழியைத் தாண்டி, அதை அடுத்திருந்த பால்குழியில் நின்றது.

பாதத்தில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

வீரசாமி அவள் காலைக் கூட்டத்துக்குக் காட்டினார். “பாருங்க! சுத்தமான மனசுன்னா இதுதான்!” ராமசந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “அக்கா, நடக்கும்போது எதை நினைச்சீங்க?”

“நல்லதைத்தான் நினைச்சேன்,” என்றாள் காமாட்சி. அதில் பொய் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை ஜான்-க்ளோட் கையில் அந்தச் சட்டையோடு கடைக்குள் வந்தான். பியெரெட் தலையைக் குனிந்துகொண்டு காதைத் தீட்டினாள்.

“பொன்ழூர், மதாம் காமாட்சி. தீயில நடந்தும் உங்க கால் சுடலைன்னு என் பஸ் முழுக்க இதே பேச்சு. ரொம்ப சந்தோஷம். என் சட்டை மட்டும் ஏன் சுட்டுது?”

“கால் எங்கேயும் நிக்கலை, முசியே. இஸ்திரிப்பெட்டி நின்னுடுச்சு.”

“அது ஏன் நின்னுச்சு?”

கரி அதிகம், துணி மெல்லிசு என்று சொல்லத் தயாராகப் பொய்கள் இருந்தன. ஆனால் பத்து நாள் அவளைப் பயமுறுத்திய தீயே ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டது. இனி யாருக்குப் பயப்படுவது?

“அதைச் சட்டைக்காரர்கிட்டதான் கேக்கணும்,” என்றாள்.

ஜான்-க்ளோட் சட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். காது சிவந்தது. வெளியே அவன் பஸ்ஸில் ஜனங்கள் கத்தத் தொடங்கிய பிறகுதான் கிளம்பினான்.

அதற்குப் பிறகு அவன் சட்டைகளைக் கட்டாகக் கொண்டுவரவில்லை. தினம் ஒன்று, தானே கொண்டுவந்தான்.

“ஒரு சட்டைக்காக இவ்வளவு தூரமா?” என்று பியெரெட் கேட்டாள்.

“துணி ஈரமா இருக்கு, அதான்,” என்றான் அவன்.