அட்டையை மறைத்துத் தொட்டுப் பார்த்தவர்

திருவானைக்காவலில் பஸ் நின்றிருந்தபோது போன் வந்தது. ரோஸ்லினின் தங்கை ஜெனிபர். "அக்கா போயிட்டாங்க" என்றாள். ஆய்வகத்துக்குப் போக வேண்டியவள், நேராகக் காட்டூரில் ரோஸ்லின் வீட்டுக்குப் போனேன்.

ஆய்வகத்தில் உங்களில் பலருக்கு அவர் எலிக்கூடத்து ரோஸ்லின். கட்டி வளராமல் காக்கும் ஒரு மரபணுவை எலிகளில் நீக்கிவிட்டு, புற்றுநோய் எப்படித் தொடங்குகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் இருவரின் வேலை. குளித்து உடை மாற்றிய பிறகே எலிகளின் அறைக்குள் போகலாம். "ஸ்ரீரங்கத்துக்காரிக்கு மடி சொல்லித் தரணுமா?" என்று என்னைக் கேலி செய்வார். எலி தொட்டவள் என்று என் மாமியார் சாயங்காலம் மறுபடி குளிக்கச் சொல்வார். அதைச் சொன்னால் ரோஸ்லின் விழுந்து விழுந்து சிரிப்பார்.

வேலையில் மட்டும் விளையாட்டு கிடையாது. கூண்டுகளின் அட்டைகளை மறைத்துவிட்டுத்தான் எலியின் மார்பையும் வயிற்றையும் தடவிப் பார்ப்பார். எது மரபணுவை இழந்தது என்று முன்பே தெரிந்தால் விரல் கட்சி கட்டும் என்பார். அப்படி இழந்த ஓர் எலிக்குக் கடைசிவரை கட்டி வரவேயில்லை. சோதனையில் ஏதோ பிசகு, விட்டுவிடலாம் என்றார்கள் சிலர். "வரலைன்னா வரலைதாங்க. அதையும் எழுதணும்" என்றார். எழுதினோம்.

பிறகு அவருக்கே மார்பில் கட்டி வந்தது. அதே மரபணுவில் பிறவிக் குறை என்றார்கள். ஜெனிபருக்கும் அந்தக் குறை இருந்தது, நோய் இல்லை. ரோஸ்லினுக்குக் கீமோ ஏறிக்கொண்டிருந்த ஒரு நாள் அவள் கேட்டாள்: "உன் எலிக்கெல்லாம் வந்துச்சே, எனக்கும் வந்துருமாக்கா?"

கட்டி வராத அந்த எலியைச் சொல்லித் தேற்றுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"தெரியலடி. எலிக்கு அம்மா வழி, அப்பா வழின்னு அந்த மரபணு ரெண்டையும் எடுத்துட்டோம். உனக்கு ஒண்ணு நல்லா இருக்கு. அத வெச்சு நான் ஜோசியம் சொல்ல முடியாது. வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துக்க, நான் கூட வரேன்."

எனக்கு அது கொடுமையாகப் பட்டது. ஆனால் அந்த வருஷமே, மொட்டைத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு தங்கையோடு ஸ்கேனுக்குப் போனார்.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்தபோது ஜெனிபர் என் கையைப் பிடித்தாள். "அடுத்த வாரம் ஸ்கேன் இருக்குங்க. நல்லா இருக்கும்னு நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். கூட மட்டும் வாங்க."

போனேன். முடிவுக்குக் காத்திருக்கும்போது, "என்ன சொல்வாங்க?" என்று கேட்டாள். ஒன்றும் இருக்காது என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "தெரியலம்மா" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்தாள்.

இந்த முறை ஒன்றுமில்லை என்றார்கள். ரோஸ்லின் எனக்கு விட்டுப்போனது ஜெனிபருக்குப் பக்கத்து நாற்காலி. எத்தனை வருஷமானாலும் அதில் நான் உட்கார்ந்திருப்பேன்.