கும்மியடித்த மறுநாள்

உடம்பெல்லாம் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோய் எனக்கு இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இந்த நோயைப் பற்றிப் பேச மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் வைக்கலாமா என்று ஊர்ப் பெண்களிடம் கேட்டேன்.

“ஏனுங்க நங்கை, மாரியம்மன் நோம்பியில கும்மியடிச்சப்ப அந்த வலி எங்கீங்க போயிருந்துச்சு?” என்றார் என் நாத்தனார். எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மனுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன். மறுநாள் கை தூக்க முடியாமல் கிடந்த எனக்குச் சோறு ஊட்டியதே இந்த நாத்தனார்தான்.

மண்டபம் கிடைக்கவில்லை. கோயிலை விட்டு வெளியே வந்தபோது, காரமடையிலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண் என் பின்னாலேயே வந்தாள். “கும்மியடிச்ச மறுநாள் எந்திரிக்க முடிஞ்சுதுங்களா அக்கா? என்னால முடியலீங்க” என்றாள். கோயில் வாசலிலேயே உட்கார்ந்து இருவரும் அழுதோம், பேசினோம்.

நாத்தனாரை மன்னிக்கும் மனசைக் கொடு என்று தினமும் அம்மனைக் கும்பிடுகிறேன். இன்னும் கொடுக்கவில்லை.