வாசிக்காமல் விட்ட வரி

அண்ணனைக் கிளைச்சிறையில் அடைத்து மூன்றாவது வாரம்தான் காணொளிச் சந்திப்புக்கு நேரம் கிடைத்தது. அங்கே பதினொரு மணி, நான் இருக்கிற லண்டன் பிளேஸ்டோவில் காலை ஆறரை. என் அறைக்கு வைஃபை எட்டாது. சமையலறை மேசையில் போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அண்ணன் செய்தது, கூரை மாற்ற நாலு மூங்கில் வெட்டியது. காப்புக்காட்டு எல்லைக்குள் வெட்டினான் என்று வழக்கு. ஜாமீனுக்கு நிலப் பத்திரம் உள்ள இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஊரில் யாருக்கும் பட்டா கிடையாது. அதனால் எங்கள் மலையிலேயே புதிதாகக் கட்டியிருக்கிற கிளைச்சிறையில் இருக்கிறான். அந்தக் கட்டடம் வந்ததற்கு நான் எழுதிய மனுவும் ஒரு காரணம். அது அவனுக்குத் தெரியும். அந்த மனுவில் ஊர் கேட்காத ஒரு வரி இருந்தது என்பது மட்டும் தெரியாது.

மனு எழுதியபோது நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான், ஆகவே எழுதுவது என் வேலை. ஊர் கேட்டது மலைக்கு ஒரு கோர்ட்டு. வாய்தாவுக்குக் கீழே போக இரண்டு பஸ், ஒரு நாள் கூலி போய்விடும், நீதிபதி லீவு என்றால் மறுபடியும் போக வேண்டும். இதையெல்லாம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது வெறும் புலம்பல் போல இருந்தது. அதிகாரி கண்ணில் குத்துகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று தோன்றியது. ‘கைது செய்யப்படுவோரை வைக்க மலையில் இடவசதி இல்லாததால், அவர்கள் சமவெளிச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டு, குடும்பத்தார் பார்க்க இயலாமல் அவதிப்படுகின்றனர்’ என்று சேர்த்தேன். பொய் இல்லை. ஆனால் ஊர்க்கூட்டத்தில் வாசித்தபோது அந்த வரியைத் தாண்டிவிட்டேன். சிறை என்ற சொல் காதில் விழுந்தால் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள், விளக்கிச் சொல்வதற்குள் கடைசி பஸ் போய்விடும் என்று பயம். வாசித்து முடித்ததும் முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தது அண்ணன்.

சில வருடங்கள் கழித்துப் பணம் வந்தது, பழங்குடியினர் நலனுக்கென்று ஒதுக்கிய நிதியிலிருந்து. முதல் கட்டமாகக் காவல் நிலையமும் கிளைச்சிறையும். கோர்ட்டு இரண்டாம் கட்டம் என்றார்கள். இரண்டாம் கட்டம் இன்னும் வரவில்லை.

முன்பெல்லாம் விறகுக்கோ தேனுக்கோ ஒருவனைப் பிடித்தால் ஜீப்பில் கீழே கொண்டுபோக வேண்டும். டீசல் செலவு, ஒரு நாள் அலைச்சல். நாலு கெட்ட வார்த்தை திட்டி, இரண்டு அறை அறைந்து விட்டுவிடுவார்கள். இப்போது நடக்கிற தூரத்தில் பூட்டு போட்ட அறை இருக்கிறது. அறை இருப்பதால் உள்ளே ஆட்களும் இருக்கிறார்கள்.

நான் இங்கே பக்கத்து ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு சிறிய சட்ட உதவி அமைப்பில் வேலை பார்க்கிறேன். அரசாங்கத்திடம் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதுதான் வேலை. எங்கே அதிகம் வலிக்கிறதோ அதை முதலில் எழுது என்று சொல்லித் தருவார்கள். எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் என்னோடு வாடகையைப் பங்கு போடுகிறவர் யாழ்ப்பாணத்துக்காரர், பார்சல் வேன் ஓட்டுகிறார். அண்ணன் பிடிபட்ட வாரம் அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஜெயில் கட்டச் சொல்லி நீரே மனு எழுதினனீர்? எங்கட ஊரில எண்டா கேக்காமலே கட்டித் தருவாங்கள்.”

“கோர்ட்டுதான் அண்ணை கேட்டோம்.”

“ஓம், கேட்டனீங்கள். அவங்கள் தங்களுக்கு விளங்கினதைத் தந்திருக்கிறாங்கள்.” பிறகு குரலைத் தணித்து, “அண்ணருக்குச் சொல்லிப் போட்டீரோ?” என்றார்.

சொல்லவில்லை. அதற்காகத்தான் அன்று காலை அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

திரையில் முதலில் ஒரு பச்சைச் சுவர் தெரிந்தது, அப்புறம் அண்ணன். மெலிந்திருந்தான். எங்கள் பேச்சில் ஏதோ கேட்க வாயெடுத்ததும் பக்கத்திலிருந்து வார்டர் குரல் வந்தது.

“தமிழ்லயே பேசணும். உங்க பாஷையெல்லாம் வேண்டாம், என்ன பேசுறீங்கன்னு எனக்குத் தெரியணும்.”

நானும் அண்ணனும் அதுவரை தமிழில் பேசிக்கொண்டதே இல்லை. “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“என்னடா, ஆபீசர் மாதிரி கேக்குற,” என்று சிரித்தான். “பெயிண்டு வாசம் இன்னும் போகல. ஜன்னல்ல நம்ம ஆட்டுக் கொட்டாய் தெரியுது. உங்க அண்ணி திட்டுறதுகூடக் கேக்குது. வீட்ல இருந்தாலும் அதத்தான் கேக்கப் போறேன்.”

“தேதி என்னாச்சு?”

“கீழ கூட்டிட்டுப் போகப் போலீசு ஆள் இல்லயாம். ரெண்டு தடவ தள்ளியாச்சு. ஜெயிலு மேல, கோர்ட்டு கீழ. நீ இன்னொரு மனு எழுதுடா. கோர்ட்டும் மேல வரணும்னு. மொத மனு மாதிரியே எழுது, அது நல்லா இருந்துச்சு.”

சொல்லிவிட்டு அந்த மனுவை ஒப்பித்தான். எழுத்துத் தெரியாதவன், ஒரே ஒருமுறை காதால் கேட்டது. ஐயா என்று ஆரம்பித்து, இரண்டு பஸ், ஒரு நாள் கூலி, நீதிபதி லீவு எல்லாம் நான் வாசித்த அதே வரிசையில் வந்தன. அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ‘ஆகவே’ என்று தொடர்ந்தான்.

“அண்ணே, அங்க நடுவுல ஒரு வரி இருந்துச்சு.”

“இல்லயே.”

“இருந்துச்சு. நான் படிக்காம விட்டுட்டேன்.”

என்ன வரி என்று கேட்டான். சொன்னேன், சொல்லுக்குச் சொல். அவன் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தான்.

“அதப் பாத்துதான் இதக் கட்டினாங்களா?”

“தெரியலண்ணே. இருக்கும்.”

“மொத கை நான்தான வச்சேன்.”

“ஆமாண்ணே.”

“டைம் முடிஞ்சுது” என்றார் வார்டர். திரை கறுத்தது.

அதுவரை அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். “சொல்லிப் போட்டீரோ?”

“சொல்லிட்டேன். பதில் வரதுக்குள்ள கட் ஆயிடுச்சு.”

வேன் சாவியை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். “நான் இண்டைக்குப் பிந்திப் போறன்.”

“திட்டுவாங்களே அண்ணை.”

“அதுக்கும் சேர்த்துத்தான் சம்பளம். நீர் தேத்தண்ணியைக் குடியும்.”

இரண்டு நாள் கழித்து அண்ணி போன் செய்தார். எங்கள் பேச்சில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“அவரப் பாக்கப் போனேன். எல்லாம் சொன்னாரு.”

“கோவமா இருக்காரா?”

“அதெல்லாம் எங்கிட்டக் கேக்காத. மனு எழுதச் சொன்னாரு. ஆனா நீ படிக்க வேண்டாமாம், நான் படிக்கணுமாம்.”

அண்ணி ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பஸ் போர்டை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.

“எனக்கு மெதுவாத்தான் வரும்னேன். மெதுவாவே படி, அவன் அவசரத்துலதான் விட்டான்னாரு.”

மறுநாள் மனுவை எழுத உட்கார்ந்தேன். அண்ணன் ஒப்பித்ததையே முதலில் எழுதினேன். கை நிற்கவில்லை. ‘விசாரணைக் கைதிகளைக் கீழே அழைத்துச் செல்லப் போதிய காவலர் இல்லாததால் வழக்குகள் தள்ளிப்போகின்றன’ என்று தானாக வந்து விழுந்தது. நல்ல வரி. இதுவும் பொய் இல்லை. அழிக்கலாமா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நானாகச் சேர்த்து நானாக அழிப்பதும் பழைய வேலைதான் என்று பட்டது. அச்செடுக்கச் சொல்லி அப்படியே அண்ணிக்கு அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. அண்ணி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். என் வாக்கியங்கள் அத்தனை நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. யாரும் எழுந்து போகவில்லை. காவலர் வரி வந்ததும் அண்ணி நிறுத்தினார், திரும்ப ஒருமுறை வாசித்தார்.

“இத எழுதினா என்னப்பா தருவாங்க?” என்றது ஒரு முதிய குரல்.

“போலீஸ் தருவாங்க,” என்றேன்.

யாரோ சிரித்தார்கள். “இருக்கறவங்க போதும். அடிச்சிரும்மா.”

பேனா தாளில் இரண்டு தடவை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு மீதியை வாசித்தார். மை டப்பாவைத் திறந்து ஒவ்வொருவராகக் கைநாட்டு வைத்தார்கள்.

“மொத இடத்தக் காலியா விட்டிருக்கோம்,” என்றார் அண்ணி. “அவரோட கைநாட்டு வாங்க உள்ள மை கொண்டுபோக விடமாட்டேங்கறாங்க. அதுக்குத் தனியா மனு குடுக்கணுமாம்.”

“நான் எழுதி அனுப்பட்டுமா அண்ணி?”

மை டப்பாவை மூடும் சத்தம் கேட்டது.

“வேண்டாம். ரெண்டு வரிதான. நானே எழுதிப் பாக்கறேன்.”

போனை வைத்துவிட்டார்.