அடுப்புக்கு மேல் அவுட்டுக்காய்

அம்சவேணிக்கு இடது கையில் மூன்று விரல்கள்தான். மலையில் எல்லோருக்கும் காரணம் தெரியும், யாரும் கேட்பதில்லை. சேலத்தில் அவள் ஆராய்ச்சி செய்த கல்லூரியில்தான் கேட்டுத் தொலைப்பார்கள். கேஸ் சிலிண்டர் வெடித்தது என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். கொல்லிமலையில் அவள் வீட்டுக்குக் கேஸ் வந்ததே இல்லை. விறகு அடுப்புதான், அதுவும் அம்மா கண்ணாயி தன் கையால் மண் குழைத்துப் போட்ட அடுப்பு. இந்தக் கதையே அந்த அடுப்பைப் பற்றியதுதான்.

மலையூர்கள் சில சேர்ந்த தேவனூர் நாட்டில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் மிளகும் போட்டுப் பிழைக்கிற குடும்பம் அவர்களுடையது. அம்சவேணி பிளஸ் டூ படிக்கும்போது, கிழங்குக் காட்டுக்குக் காவல் போன அப்பா அர்த்தனாரியைக் காட்டுப்பன்றி தொடையிலிருந்து வயிறு வரை கிழித்துப் போட்டது. ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு மலையிறங்கினார்கள். அப்பாவின் தலை அவள் மடியில். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜீப் சாயும்போது ரத்தம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி அவள் காலை நனைத்தது. அடிவாரத்துச் சேந்தமங்கலம் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் மனுசன் போய்விட்டார்.

அண்ணன் முரளி அதற்குப் பிறகு ஆளே மாறிவிட்டான். அடிவாரத்தில் யாரிடமோ பழகி அவுட்டுக்காய் உருட்டக் கற்றுக்கொண்டான். பன்றிக்குப் பிடித்த தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வரப்போரம் போட்டு வைக்கிற நாட்டுவெடி அது. பன்றி கடித்ததும் தாடை சிதறிவிடும். ஆனால் உடனே சாகாது. தாடை தொங்கத் தொங்க ஓடும், தண்ணீர் குடிக்க முடியாமல் ஓடைக்கரையில் கிடந்து முனகும். முரளி ரத்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே பின்னால் போய்க் கடப்பாரையால் அடிப்பான். ஒரே அடியில் முடிக்க மாட்டான், அதுதான் கொடுமை. "அப்பன் எத்தனை வளைவு துடிச்சுதுன்னு எனக்குத் தெரியும்" என்பான். பிடிபட்டால் ஜெயில் என்று ஊருக்கே தெரியும். கிழங்கு தப்பினால் சரி என்று ஊரும் வாயை மூடிக்கொண்டது.

ஆடி பிறந்துவிட்டால் மலையில் மூடுபனியும் சாரலும் வீட்டுக்குள் வரைக்கும் வரும். உப்பு கரையும், தீப்பெட்டி நமுத்துப்போகும். அதனால் காய வேண்டியது எதுவானாலும் அடுப்புக்கு நேர் மேலே இருக்கிற பரணில் போடுவதுதான் பழக்கம். விதைச் சாமை, மிளகு, ரேஷன் கார்டு எல்லாம் அங்கேதான் கிடக்கும். முரளி சாக்கில் போட்டு வைத்திருந்த உருண்டைகள் ஈரத்தில் நமுத்து ஒரு பன்றி தப்பித்துப் போனபோது, கண்ணாயிதான் யோசனை சொன்னாள்.

"அந்தச் சாக்கைப் பரண்ல போடு சாமி. அடுப்புச் சூட்டுல காஞ்சு கெடக்கும்."

கீழ்நாட்டுக்காரன் எவனும் வெடியைக் கொண்டுபோய் அடுப்புக்கு மேல் வைக்க மாட்டான். மலையில் அது யாருக்கும் தப்பாகப் படவில்லை. சோளமும் சாமையும் மாதிரி அதுவும் காய வேண்டிய ஒரு பண்டம், அவ்வளவுதான்.

இதெல்லாம் நடக்கும்போது அம்சவேணி சேலத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவளுக்கு, வழிகாட்டியான பேராசிரியை கொடுத்த தலைப்பு, வெடிமருந்துப் படிகங்கள் கிடங்கில் கிடந்து எப்படிக் கெட்டுப்போகின்றன என்பது. பட்டாசுக் கிடங்குகளில் ஆட்கள் கரிக்கட்டையாகிறார்களே, அதற்காக. நிஜ மருந்தைத் தொடவே வேண்டாம். சில ஆயிரம் அணுக்களைக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதை எவ்வளவு தள்ளும், எவ்வளவு இழுக்கும் என்று சமன்பாடு எழுதிக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு எல்லா அணுவையும் இம்மி நேரத்துக்கு நகர்த்தும். திரும்பக் கணக்கு, திரும்ப நகர்த்தல். கோடித் தடவை நகர்த்தினாலும், கண் இமைக்கிற நேரத்தில் கோடியில் ஒரு பங்குக்குப் படிகத்துக்குள் என்ன நடந்தது என்பதுதான் தெரியும். சிமுலேஷன் என்பது இதுதான். ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்த்தாள்.

"அணுவெல்லாம் எங்கெங்க நகருதுன்னு பாக்கறதும்மா."

"அதுபாட்டுக்கு நகந்துட்டுப் போவுது. அதுக்கு உன்னைய எதுக்குக் கண்ணு காவலுக்கு வெச்சிருக்காங்க?" என்றாள் கண்ணாயி. அம்சவேணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வேலை அவ்வளவு சிரிப்பாக இல்லை. கிடங்கில் பகலில் சூடேறி ராத்திரி ஆறுகிற மாதிரி, அவள் படிகத்தைச் சூடாக்கி ஆறவிட்டாள், மறுபடி சூடாக்கினாள். முதலில் ஒழுங்காக ஓடியது. சில சுற்றுக்குப் பிறகு படிகத்துக்குள் மெல்லிய விரிசல் விழுந்தது. அப்புறம் ஓர் அடுக்கை இன்னோர் அடுக்கின் மேல் லேசாக நகர்த்தினாலே போதும், அணுக்கள் நாலாபக்கமும் சிதறி, எண்கள் தாறுமாறாகி, புரோகிராம் நின்றுவிடும். இந்தத் தொழிலில் அப்படி நடந்தால் பெரும்பாலும் மாணவர் செய்த தப்புதான். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நேரத்தை அதிகமாகக் கொடுத்திருப்பார்கள், அல்லது அணுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியிருப்பார்கள். பேராசிரியை எல்லோர் முன்னாலும் வெளுத்து வாங்கினார். "அடுக்கவே தெரியாதவங்க எல்லாம் ஏம்மா இங்க வர்றீங்க?"

நேரத்தைப் பாதியாக்கி ஓட்டினாள். அதே விரிசலில் அதே மாதிரி சிதறியது. இன்னும் பாதியாக்கினாள். அதே இடம். தப்பு கணக்கில் இருந்திருந்தால் நேரத்தைக் குறைத்ததும் மறைந்திருக்க வேண்டும், குறைந்தது இடமாவது மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. அங்கேயே அவள் யோசித்திருக்கலாம். ஆனால் அறிக்கை கொடுக்கிற நாள் கழுத்தை நெரித்தது, இன்னொரு தடவை திட்டு வாங்கத் தெம்பில்லை. எந்த அணுவும் ஓர் அளவுக்கு மேல் தள்ளக் கூடாது என்று புரோகிராமில் ஒரு வரம்பு போட்டாள். படிகம் பசுமாடு மாதிரி சாதுவாகிவிட்டது. "இப்பதான் உருப்படியா இருக்கு" என்றார் பேராசிரியை. அந்தச் சந்தோஷத்தோடு ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் பார்த்தது பரணைத்தான். புகை அப்பிக் கறுத்துப்போன ஒரு சாக்கு அடுப்புக்கு மேலே தொங்கினாற்போல் கிடந்தது. கீழே கண்ணாயி பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா அது?"

"உங்கொண்ணனோட காய்தான். போன ஆடியில போட்டது. தேவைக்கு ஒண்ணொண்ணா எடுத்துக்குவான்."

அம்சவேணி மனசுக்குள் கணக்குப் போட்டாள். காலையில் அடுப்பு எரியும், பகலில் ஆறும், சாயங்காலம் எரியும், ராத்திரி பனி. ஒரு வருசமாக அம்மா தலைக்கு மேல், அவள் கம்ப்யூட்டரில் ஓட்டிய அதே பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே வரம்பு போட யாருமில்லை.

"அடுப்பை அணைச்சுட்டு வெளிய வாம்மா. மேல இருக்கறதை யாரும் தொடாதீங்க."

கண்ணாயி அடுப்பை அணைத்துவிட்டு எழுந்த நேரம் முரளி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு எரிச்சல். வெடி எடுக்கத் தெரிந்த ஆட்களைப் போலீஸ் மூலம் கூப்பிட வேண்டும் என்று அவள் சொன்னதும் எரிச்சல் வெறியாகிவிட்டது. செவிட்டில் ஓர் அறை விட்டான். அவள் உதடு கிழிந்து ரத்தம் வாயில் உப்புக் கரித்தது.

"என்னைய உள்ள தள்ளறதுக்கா இத்தனை படிப்புப் படிச்ச?"

"லேசா உரசினாப் போதும்ணா, வெடிச்சிரும். நான் பாத்தேன்."

"எங்க பாத்த?"

"கம்ப்யூட்டர்ல."

முரளி விழுந்து விழுந்து சிரித்தான். "பொட்டிக்குள்ள பொம்மை வெடிச்சா இங்க ஊடு வெடிக்குமா?"

சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் செங்கோடன் வந்து நின்றான். அப்பாவின் தம்பி, அடுத்த காட்டுக்காரன். வேட்டி சட்டை எல்லாம் ரத்தம். அவனுடைய சினைக் கிடாரி வரப்போரம் கிடந்த அவுட்டுக்காயைக் கடித்துத் தாடை பிய்ந்து போயிருந்தது. அது படுகிற பாட்டைப் பார்க்க மாட்டாமல் தன் கையாலேயே அதன் கழுத்தை அறுத்துவிட்டு, அந்த அருவாளோடுதான் வந்திருந்தான்.

"வெளிய வாடா. உன் தாடையைப் பேக்காம நான் போவ மாட்டேன்."

"எங்காட்டு வரப்புல உம்மாட்டுக்கு என்னய்யா வேலை?" என்றான் முரளி.

அருவாள் இறங்கியது. முரளி விலகியதால் கழுத்துக்குப் பதில் தோள்பட்டை பிளந்தது, வெள்ளை எலும்பு தெரிந்தது. கண்ணாயி வாசற்படியில் விழுந்து செங்கோடனின் காலைக் கட்டிக்கொண்டாள். "தம்பி, வேண்டாஞ் சாமி, ஒத்தைப் பையன் சாமி" என்று கதறினாள். அவன் அவளை உதைத்துக்கொண்டே உள்ளே வர முண்டினான். முரளி பின்னால் பாய்ந்து, அடுப்பின்மேல் ஒரு காலை வைத்து, பரணுக்கு மறு கையை நீட்டினான். ஓர் உருண்டையை எடுத்து சித்தப்பன் முகத்தில் எறிகிற எண்ணம்.

"அண்ணா வேண்டாம்ணா" என்று அம்சவேணி ஓடிப்போய் இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் உதறினான். சாக்கைப் பற்றி இழுத்தான். உள்ளே உருண்டைகள் ஒன்றோடொன்று உரசின.

சத்தம் அவள் காதில் விழவில்லை, வெளிச்சம்தான் தெரிந்தது. கண் திறந்தபோது கூரை இல்லை, மேலே வெறும் மூடுபனி. முரளி அடுப்பின்மேல் மல்லாந்து கிடந்தான். நெஞ்சுக்கு மேலே அவன் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அவள் பிடித்திருந்த மணிக்கட்டும் இல்லை, பிடித்த விரல்களில் இரண்டும் இல்லை. மற்ற வெடிப்பையெல்லாம் அவன் உடம்பே வாங்கிக்கொண்டிருந்தது. செங்கோடன் ஒரு கண் போய், முகமெல்லாம் ரத்தத்தோடு, அருவாளைக் கீழே போடத் தோன்றாமல் நின்றான். வாசற்படியில் கிடந்ததால் கண்ணாயி பிழைத்தாள். அவளுக்கு வலது காது மட்டும் அன்றோடு போய்விட்டது.

செங்கோடன் மேல் வழக்கு நடந்தது, உள்ளே போய் வந்தான். இன்றைக்கும் வழியில் பார்த்தால் ஒற்றைக் கண்ணைத் தரையில் போட்டுக்கொண்டு போவான். அதை விடுங்கள். கருமாதி முடிந்த மறுநாள் கண்ணாயி கடப்பாரையோடு அடுப்பின் முன்னால் நின்றாள்.

"பொய் சொல்லாமச் சொல்லு கண்ணு. அடுப்புச் சூட்டுலதான் அது கெட்டுதா? நாந்தான் மேல போடச் சொன்னேன். அதுதான்னா இந்த அடுப்பை இடிச்சிடறேன். அப்புறம் எனக்கு இந்த ஊட்டுல ஒரு வேலையுமில்ல."

அம்மா உயிரை விடுவதைத்தான் சொல்கிறாள் என்று அம்சவேணிக்குப் புரிந்தது. அம்மா அதைச் சும்மா சொல்கிறவள் இல்லை.

"இல்லம்மா. அண்ணன் இழுத்த வேகத்துல வெடிச்சுது. சூட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

 கண்ணாயி கடப்பாரையைப் போட்டுவிட்டு, மண் குழைத்து, உடைந்த அடுப்பை ஒட்டவைத்து மூட்டினாள். மகன் செத்துக் கிடந்த அதே அடுப்பில் அன்றைக்குச் சோறு பொங்கியது.

காயம் ஆறியதும் அம்சவேணி சேலம் திரும்பினாள். முதல் வேலையாகப் புரோகிராமில் போட்டிருந்த வரம்பை நீக்கினாள். படிகம் அதே விரிசலில் சிதறியது. பேராசிரியை மறுபடி கத்தினார். இந்தத் தடவை அவள் தலை குனியவில்லை. நேரத்தைக் குறைத்துக் குறைத்து ஓட்டிய எல்லாவற்றையும் அவர் முன்னால் வைத்து, "தப்பு கணக்குல இல்ல மேடம், மருந்துலதான்" என்றாள். வருசக்கணக்கில் மிச்சமிருந்த எட்டு விரல்களால் தட்டித் தட்டி ஆய்வேட்டை எழுதி முடித்தாள். அம்மாவிடம் சொன்னதற்கு நேர் எதிராக ஒவ்வொரு பக்கமும் பேசியது. இங்கிலீஷில் இருப்பது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

வாய்மொழித் தேர்வு எல்லோரும் வந்து உட்கார்ந்து கேட்கிற ஒன்று. அம்மா வர வேண்டாம் என்று எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள். "எம்புள்ள டாக்டராவறதை நான் பாக்க வேண்டாமா?" என்று கண்ணாயி புதுச்சேலை கட்டிக்கொண்டு மலையிறங்கி வந்துவிட்டாள். ஒரு காது கேட்காததால் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தங்கமான மனிதர். கேள்வியெல்லாம் முடிந்து பட்டம் உறுதி என்று அறிவித்தவர், மலையிலிருந்து வந்திருக்கிற தாயும் சந்தோஷப்படட்டும் என்று மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"அம்மா, உங்க பொண்ணு என்ன கண்டுபிடிச்சிருக்குன்னு தெரியுமாம்மா?"

கண்ணாயி நல்ல காதைத் திருப்பினாள். அவர் குரலை உயர்த்தினார்.

"வெடிமருந்தைத் தினமும் சூடாக்கி ஆறவிட்டா, உள்ள கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அப்புறம் சும்மா உரசினாலே வெடிச்சிரும். சூடு படுற இடத்துல வைக்கவே கூடாதுன்னு கணக்குப் போட்டு நிரூபிச்சிருக்கு. இனிமே எத்தனை உயிர் பிழைக்கும் தெரியுமா?"

அம்சவேணி மைக் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.  எல்லோரும் கை தட்டினார்கள்.

கண்ணாயி எழுந்தாள். படியேறி மேடைக்கு வந்தாள். ஆசீர்வாதம் பண்ணப் போகிறாள் என்று யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அவள் மகளின் இடது கையை எடுத்து, விரல் இல்லாத இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். மைக்கில் அது கூடம் முழுக்கக் கேட்டது.

"இத்தனை வருசமும் அந்த அடுப்புலயே என்னையச் சோறாக்க உட்டியேடி" என்றாள்.