மஞ்சள் வராத அறை

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அந்தச் சர்க்கரை நோய் மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் ‘சிமிட்டாதீங்க அக்கா’. வாசல் காவலாளி வழி சொல்வதே அப்படித்தான்: நேரே போங்க, ரத்தம் எடுக்கிற இடம் தாண்டினா கடைசி ரூம், சிமிட்டாதீங்க அக்கா இருப்பாங்க. பகல் முழுக்க அந்த ஒரு சொல்லையே சொல்லிச் சொல்லி, தூக்கத்திலும் அதைத்தான் உளறுகிறாள் என்று அவள் கணவர் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவள் மறுத்ததில்லை.

அந்தக் கடைசி அறையின் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருக்கும். நடுவில் கண்ணின் உள்புறத்தைப் படம் எடுக்கிற காமிரா. தாடையை வைக்க ஒரு தாங்கி, நெற்றியை ஒட்டிக்கொள்ள ஒரு பட்டை, இரண்டு பக்கமும் சுழலும் ஸ்டூல், மூலையில் கணினி. சர்க்கரை கண்ணுக்குள் போய்ச் சத்தமில்லாமல் குடியேறிவிடும். பார்வை மங்கிய பிறகு ஓடினால் பாதி காரியம் கெட்டிருக்கும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோரும் அவள் அறைக்கு வந்து கண்ணைக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

முன்பு அவள் முன்வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவள். காமிரா வந்தபோது, விலையைக் கேட்ட மாத்திரத்தில் மற்றவர்கள் எல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். உடைந்தால் யார் பதில் சொல்வது? அவள்தான் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் கற்றும் கொண்டாள். பயந்தவர்களிடம் பேச்சுக் கொடுப்பாள், இமை தொங்குகிறவர்களுக்குப் பஞ்சுக் குச்சியால் தூக்கிப் பிடிப்பாள். ஓயாமல் சிமிட்டுகிற ஆண்களிடம் மட்டும், மாமியார் எதிரே நிக்கிறாங்கன்னு நினைச்சுக்குங்க என்பாள். கண் அப்படியே நிலைகுத்தி நிற்கும். அந்த நொடியில் படம் எடுத்துவிடுவாள்.

எடுத்த படம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், கண் டாக்டர் பார்த்து, பதில் வருவதற்குள் வந்த நோயாளிக்கே எதற்குப் படம் எடுத்தோம் என்பது மறந்திருக்கும். பிறகுதான் கணினிக்குள் அந்தச் செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்தது. படத்தை எடுத்த கையோடு அது பார்த்துச் சொல்லிவிடும். பச்சை வந்தால் கோளாறு தெரியவில்லை, அடுத்த வருஷம் வரலாம். சிவப்பு வந்தால் அந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். மஞ்சள் வந்தால் அதற்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

வாரம் ஒருநாள் வரும் கண் டாக்டரம்மா இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். மஞ்சள் வந்தால் ஒரே ஒரு தடவை மறுபடி எடுக்கலாம். அப்போதும் மஞ்சள்தான் என்றால் ஆளை என்னிடம் அனுப்பிவிடுங்கள் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மிஷின் கிடைப்பது நம் அதிர்ஷ்டம் என்றும் சேர்த்துச் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

புதுசு என்று அவள் மிரளவில்லை. அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டாள். மூலையில் ஒய்யாரமாக உட்கார்ந்துகொண்டு, நாம் பார்த்துப் பார்த்துச் செய்வதற்கெல்லாம் நொட்டை சொல்கிறவன் வேறு யாராக இருக்க முடியும்? பச்சை விழுந்தால் மாப்பிள்ளைக்குத் திருப்தி. மஞ்சள் விழுந்தால் மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டார்.

அங்கேதான் கோணல் ஆரம்பித்தது. டாக்டரம்மா சொன்ன கணக்கில் மஞ்சள் என்பது ஒரு பதில். அக்காவின் கணக்கில் அது அவள் கைக்கு விழுந்த குட்டு. எத்தனை வருஷமாகப் படம் எடுக்கிற கை! அதைப் பார்த்து ஒரு கணினி ‘தெளிவில்லை’ என்பதா? விடமாட்டாள். ஆளை இருட்டில் கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்காரச் சொல்வாள், தேநீர் வாங்கிக் கொடுப்பாள், ஊர்க்கதை பேசுவாள், மறுபடி எடுப்பாள். கோணத்தை மாற்றி இன்னொன்று. தாடையை ஏற்றி இன்னொன்று. மாப்பிள்ளை இறங்கி வருகிறவரை ஓயமாட்டாள். கடைசியில் ஒரு பச்சை விழும். நோயாளி கும்பிட்டுவிட்டுப் போவார், அவளும் வயிறு நிறைந்தவளாக அடுத்த ஆளைக் கூப்பிடுவாள்.

இதில் அவளை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை. எல்லாக் கிளைகளிலும் உள்ள காமிராக்காரர்களைக் கூட்டி வைத்து நடந்த கூட்டத்தில், மிகக் குறைவாக மஞ்சள் வந்தது எந்த அறையில் என்று எடுத்துப் பார்த்தார்கள். அவளை மேடைக்கு அழைத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், டாக்டரம்மாவும்தான். பரிசாகக் கிடைத்த சுவர்க் கடிகாரத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அறையிலேயே மாட்டினாள்.

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அதிகம் பேசாதவர். வேனில் பிள்ளைகள் போடுகிற கூச்சலே ஒரு நாளைக்குப் போதும் என்பார். அவருக்கும் வெகுநாளாகச் சர்க்கரை. வருஷப் படத்துக்கான நாள் வந்ததும், காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு மனைவியின் அறைக்கு வந்தார். இடது கண் பச்சை. வலது கண் மஞ்சள்.

“ஊருக்கெல்லாம் பச்சை வாங்கிக் குடுத்துட்டு, என் வீட்டுக்காரருக்கு மஞ்சளா?” என்று கணினியைப் பார்த்துக் கேட்டாள்.

மறுபடி எடுத்தாள். மஞ்சள். விதிப்படி அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாம் அவள் கணவரைத் தெரிந்தவர்கள். தன் அறையில், தன் புருஷனுக்கு! அவரைச் சுவரோரமாக நிமிர்ந்து உட்கார வைத்தாள், சர்க்கரை போடாத தேநீர் கொடுத்தாள், மற்றவர்களைக் கவனித்தாள். வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டு எடுத்தபோது, மாப்பிள்ளை ஒருவழியாக மனமிரங்கினார். பச்சை. கடிகாரத்தைப் பார்த்து அவளே சிரித்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் கொசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குச் சில நாள் முன்பிருந்தே கணவருக்கும் ஒரு கொசுவுக்கும் தீராத பகை. கொசு அடிக்கிற மின்சார மட்டை ஒன்று வாங்கி வந்து, கூடத்தில் நின்று காற்றில் வீசிக்கொண்டிருப்பார். ஒன்றும் படாது. அப்பா டென்னிஸ் பழகுகிறார் என்று மகள் கேலி செய்வாள். வேனிலும் கொசு வருகிறது, மருந்தடிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

படம் எடுத்து ஒரு வாரம் போயிருக்கும். விடுமுறை நாள், வெயில் பளீரென்று அடிக்கிற நடுப்பகல். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே அவர் மட்டையை எடுத்து மூக்குக்கு நேரே ஒரு வீசு வீசினார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவும் சிரிக்க வாயெடுத்தாள். ஜன்னல் வலை சாத்தியிருந்தது. அறையில் கொசுவே இல்லை.

“கொசு எங்கங்க இருக்கு?”

“இதோ, கண்ணு முன்னாடியேதான். நான் பாக்கிற பக்கமெல்லாம் போகுது, பாரு.”

அவள் எழுந்து போய் அவருடைய வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள். இப்போது எங்கே என்று கேட்டாள். போய்விட்டது என்றார். கையை இடது கண்ணுக்கு மாற்றினாள். வந்துவிட்டது என்றார், ஒன்று இல்லை, கூட்டமாக. கண்ணுக்குள் ரத்தம் கசிந்தால் புள்ளி புள்ளியாகப் பறக்கும் என்று எத்தனை பேருக்கு அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள்! அந்த மஞ்சள் தன் கையைக் குறை சொல்லவில்லை. உள்ளே என்னவோ மறைக்கிறது, என்னால் பார்க்க முடியவில்லை என்று இரண்டு தடவை சொன்னது. அதன் வாயை அடைத்து, பச்சை சொல்ல வைத்தவள் இவள்.

வேன் சாவியை ஆணியிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, அவர் இல்லாத கொசுவை விரட்டிக்கொண்டே ஓட்டியிருக்கிறார்! டாக்டரைப் பார்க்கிறவரைக்கும் வண்டியைத் தொடக் கூடாது என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மட்டையைக் கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு வந்த நினைப்புதான் அவளை உட்காரவிடவில்லை. சுவரோரம் உட்கார்ந்து தேநீர் குடித்தது இவர் ஒருவரா? இரண்டு மஞ்சளுக்குப் பிறகு அவள் பச்சை வாங்கிக் கொடுத்து அனுப்பிய மற்றவர்கள் எல்லாம்? அவர்கள் வீட்டில் கொசு மட்டையைப் பார்த்துப் புரிந்துகொள்ள யார் இருக்கிறார்கள்? கணவரை மட்டும் டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. கடிகாரமும் சுவரில் இருக்கும். அப்படி ஒரு யோசனை வந்தது உண்மை. வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாளே கணவரை அழைத்துக்கொண்டு டாக்டரம்மா வேலை பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர் மருந்து விட்டு, விளக்கைக் காட்டி, வெகுநேரம் பார்த்தார். கண்ணின் ஓரத்தில், காமிராவுக்கு எட்டாத இடத்தில், புதிதாக முளைத்த மெல்லிய ரத்தக்குழாய் கசிந்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததில் ரத்தம் அடியில் இறங்கி, நடுப்பகுதி தெளிந்திருக்கிறது. அதனால்தான் கடைசிப் படத்தில் பச்சை. இப்போதே வந்தது நல்லது, லேசர் வைத்து அடைத்துவிடலாம், பார்வைக்குப் பயமில்லை என்றார். கணவர் பெருமூச்சு விட்டார். அக்கா விடவில்லை, அவளுக்கு இன்னும் பேச்சு பாக்கி இருந்தது.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ரெண்டாவது தடவைக்கு மேல் எடுக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னதைக் கேட்காமல் எடுத்தேன், இவருக்கு மட்டுமில்லை, நிறையப் பேருக்கு எடுத்தேன், அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றாள். வேலை போனாலும் போகட்டும் என்றும் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“நீங்க செஞ்சது தப்புதான். ஆனா யாருக்கு மஞ்சள் கம்மின்னு பாத்து நாங்கதானே கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். கூப்பிடுவோம், எல்லாரையும் கூப்பிடுவோம்.”

விலக்கிய படங்களைக்கூடக் கணினி தூக்கிப் போட்டிருக்கவில்லை. அதனால் ஆட்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அக்காவே ஒவ்வொருவருக்கும் போன் பேசினாள். என் தப்புதான், ஒருதரம் வந்து காட்டிவிட்டுப் போங்கள் என்று சுற்றிவளைக்காமல் சொன்னாள். முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றுமில்லை. யாருக்கோ கண்பாவை சின்னது, யாருக்கோ படத்தில் இமை மயிர் விழுந்திருந்தது, சிலருக்குக் கண்புரை. சிலருக்கு லேசர் தேவைப்பட்டது, நேரத்தில் கிடைத்தது. ஒரு மரக்கடைக்காரருக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகியிருந்தது. மங்கியது மங்கியதுதான், இனிமேல் மங்காமல் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. மரக்கடைக்காரர் அக்காவை அவள் அறை வாசலிலேயே வைத்துக் கத்தினார். அவள் கடைசிவரை நின்று கேட்டாள். அந்த மனிதர் இன்றைக்கும் அவளோடு சரியாக முகம்கொடுத்துப் பேசுவதில்லை. அது நியாயம்தான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது இரண்டாவது மஞ்சளுக்குப் பிறகு கணினியே டாக்டருக்குச் சீட்டு எழுதிவிடுகிறது. அதற்குமேல் எடுக்கவும் விடாது. அப்படிப் பூட்டுப் போடச் சொல்லிக் கேட்டவளே அக்காதான், தன் கையைத் தானே நம்பவில்லை போலும். கூட்டத்திலும் யாருக்கு மஞ்சள் குறைவு என்று பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். மஞ்சள் வந்தவர்கள் எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்களா என்று கேட்கிறார்கள். அவள் கடிகாரத்தை இறக்கி, நேரம் பார்க்கத் தவிக்கிற முன்வாசல் டோக்கன் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். அங்கே அது உபயோகமாக ஓடுகிறது.

லேசர் முடிந்து, டாக்டரம்மா ஓட்டலாம் என்று சொல்கிறவரை கணவர் வீட்டிலிருந்தார். பாத்திரம் கழுவக் கற்றுக்கொண்டார், மகளின் சமையலில் மூக்கை நுழைத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். கொசுக்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. மறுபடி வேனில் ஏறி உட்கார்ந்த அன்று பிள்ளைகள் போட்ட கூச்சலைக் கேட்டு, இதற்காகத்தானே ஏங்கினேன் என்றாராம். வீடு பழையபடி நிம்மதியானது.

அடுத்த படத்துக்கு வந்தபோது அதே நல்ல சட்டைதான். தாடையைத் தாங்கியில் வைத்தார், அவள் சிமிட்டாதீங்க என்றாள். இடது கண் பச்சை. வலது கண் மஞ்சள். மறுபடி எடுத்தாள். மஞ்சள். அவர் பழைய ஞாபகத்தில் தானாகவே எழுந்து சுவரோர ஸ்டூலுக்குப் போய், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, தேநீருக்காகக் காத்திருந்தார். அவள் டாக்டருக்கான சீட்டை அவர் கையில் கொடுத்தாள்.

“வெளியில எல்லாரும் உக்காந்திருக்காங்க. உன் பேரு கெட்டுடப் போகுது,” என்றார் அவர் ரகசியமாக.

“பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுது, கண்ணு நல்லா இருக்கட்டும். எழுந்திரிங்க, அடுத்த ஆளு நிக்கிறாங்க,” என்று சொல்லிவிட்டு, வெளியில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி கதவை அகலத் திறந்தாள். “மஞ்சள் வந்திருக்கு. டாக்டரம்மாகிட்ட போங்க.”